ட்யூக் எலிங்டன்: பெயர் போட்டவரும் வாசித்தவர்களும்

'டேக் தி ஏ ட்ரெய்ன்' ட்யூக் எலிங்டன் எழுதியது என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை, நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். ஓஎம்ஆரில் கம்பெனி பஸ் நகராமல் நிற்கும் மாலைகளில் ஹெட்ஃபோனில் அதைத்தான் போடுவேன். முதலில் பியானோவில் நான்கே பார், லேசாகக் கோணலான ஒரு அறிமுகம். அடுத்து சாக்ஸஃபோன்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மெட்டைப் பிடிக்கும். பஸ் நகராவிட்டாலும் ரயில் கிளம்பிவிடும். ஆப்பில் கலைஞர் பெயர் என்ற இடத்தில் ட்யூக் எலிங்டன் என்று இருந்தது. அதற்குமேல் நான் எதையும் தேடவில்லை.

எழுதியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். பிட்ஸ்பர்க்கில் வளர்ந்த, மருந்துக்கடையில் வேலை பார்த்த, கண்ணாடி போட்ட சின்ன உருவமுள்ள இளைஞர். 1938 டிசம்பரில் எலிங்டன் அந்த ஊருக்குக் கச்சேரிக்கு வந்தபோது மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்து, பியானோவில் வாசித்துக் காட்டினார். அப்போது அவருக்கு 23 வயது. நியூயார்க் வந்தால் ஹார்லெமில் இருக்கும் தன் வீட்டுக்கு எப்படி வர வேண்டும் என்று எலிங்டன் வழி சொன்னார். 'ஏ' ரயிலைப் பிடி என்பது அந்த வழியின் ஒரு பகுதி. அதைத்தான் ஸ்ட்ரேஹார்ன் பாட்டாக்கினார்.

இந்தப் பாட்டு எலிங்டன் குழுவின் அடையாள இசையாக மாறிய காரணம் இன்னும் வேடிக்கையானது. 1941 தொடக்கத்தில் ஆஸ்காப் என்னும் இசையமைப்பாளர் சங்கத்துக்கும் அமெரிக்க ரேடியோ நிலையங்களுக்கும் ராயல்டி சண்டை. சங்க உறுப்பினர்களின் பாட்டு எதையும் ஒலிபரப்ப மாட்டோம் என்று நிலையங்கள் நிறுத்திவிட்டன. எலிங்டன் சங்க உறுப்பினர். அவர் அதுவரை எழுதியது எதையும் அவருடைய குழுவே ரேடியோவில் வாசிக்க முடியாது. ஸ்ட்ரேஹார்ன் அப்போது உறுப்பினர் இல்லை, எலிங்டனின் மகன் மெர்சரும் இல்லை. இரண்டு பேரும் ராப்பகலாக உட்கார்ந்து குழுவுக்குப் புதுப் பாட்டுகள் எழுதித் தள்ளினார்கள். 1941 பிப்ரவரியில் பதிவான 'ஏ ட்ரெய்ன்' அப்படி மேலே வந்ததுதான். அதன்பின் முப்பது வருடத்துக்கும் மேலாக எலிங்டன் மேடையேறும்போது உலகம் கேட்டது ஸ்ட்ரேஹார்னின் மெட்டை.

இந்தப் பாட்டில் ஸ்ட்ரேஹார்னின் பெயர் ஒழுங்காகத்தான் போடப்பட்டிருக்கிறது. ஏமாந்தது நான். ஆனால் பெயர் ஒழுங்காகப் போடப்படாத பாட்டுகளும் இருக்கின்றன. அவற்றைத் தேடத் தொடங்கியபோது என் எலிங்டன் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைவிட்டு நழுவினார். ஏறக்குறைய வெறுத்தே விட்டேன். அவரிடம் எப்படித் திரும்பி வந்தேன், எந்த அளவுக்குத் திரும்பி வந்தேன் என்பதை எழுதிப் பார்க்கிறேன்.

*

எட்வர்ட் கென்னடி எலிங்டன் 1899 ஏப்ரல் 29 அன்று வாஷிங்டனில் பிறந்தார். அப்பா பணக்கார வீடுகளில் பட்லர் வேலை பார்த்தவர், மகனுக்கு மிடுக்கைக் கற்றுக்கொடுத்தவர். அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் 'ட்யூக்' என்ற பட்டப்பெயரே வந்தது என்பார்கள். சிறுவயதில் பியானோ வகுப்புக்கு அனுப்பினார்கள், மனம் ஒட்டவில்லை. ஓவியத்தில் நல்ல கை. கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதிச் சம்பாதித்திருக்கிறார்.

அவர் பியானோ கற்றுக்கொண்ட விதம் என்னைப் போன்ற ஆட்களுக்குப் பிடிக்கும். அந்தக் காலத்தில் தானாக வாசிக்கும் பியானோ ஒன்று உண்டு. துளையிட்ட காகிதச் சுருளை மாட்டினால் கட்டைகள் தாமாக இறங்கி ஏறும். ஜேம்ஸ் பி. ஜான்சன் என்ற பெரிய பியானோக்காரரின் 'கரோலினா ஷவுட்' சுருளை மாட்டி, வேகத்தைக் குறைத்து, இறங்கும் கட்டைகள்மேல் விரலை வைத்து வைத்துப் பழகினார் எலிங்டன். சுத்தமான ரிவர்ஸ் இன்ஜினியரிங்.

1923-ல் நியூயார்க். சின்னக் குழு, சின்ன கிளப். அங்கே ட்ரம்பெட் வாசித்த பப்பர் மைலி என்பவர்தான் எலிங்டனின் போக்கை மாற்றினார். அடைத்துக்கொண்ட சிங்க்கைக் குத்தி எடுக்க ஒரு ரப்பர் கப் வைத்திருப்போமே, அதை ட்ரம்பெட்டின் வாயில் வைத்து மூடித் திறந்து வாசிப்பார். தொண்டையிலிருந்தும் ஒரு உறுமல் வரும். ட்ரம்பெட் பேசும், அழும், கெட்ட வார்த்தை சொல்வதுபோல்கூட இருக்கும். 1927-ல் பதிவான 'பிளாக் அண்ட் டேன் ஃபேண்டஸி'யைக் கேளுங்கள். ஒரு பக்திப் பாட்டின் சாயலை எடுத்து ப்ளூஸுக்குள் இறக்கி, கடைசியில் ஷோபானின் சவ ஊர்வல இசையில் கொண்டுபோய் முடித்திருப்பார்கள். மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் கோயில், குடிக்கடை, சுடுகாடு மூன்றும் வந்துவிடும். இந்தப் பாட்டில் மைலியின் பெயர் இருக்கிறது. நியாயமாக நடந்த இடங்களில் ஒன்று. மைலி 1929-ல் குழுவைவிட்டுப் போனார். 1932-ல் காசநோயில் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

1927 டிசம்பர் 4-ஆம் தேதி எலிங்டன் குழு ஹார்லெமின் காட்டன் கிளப்பில் வாசிக்கத் தொடங்கியது. மேடையில் கறுப்பர்கள், மேஜைகளில் வெள்ளையர்கள். கறுப்பர் பகுதியின் நடுவில் இருந்த அந்த கிளப்புக்குள் கறுப்பு வாடிக்கையாளருக்கு இடமில்லை. அலங்காரம் எல்லாம் தோட்டத்து அடிமைக் காலத்தையும் காட்டையும் நினைவூட்டும்படி இருக்கும். அங்கிருந்து போன ரேடியோ ஒலிபரப்புகள்தான் எலிங்டனை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோயின. அதற்கு வழி செய்தவர் மேனேஜர் இர்விங் மில்ஸ். பல பாட்டுகளில் 'எழுதியவர்' வரிசையில் மில்ஸின் பெயரும் இருக்கும். பாட்டை விற்றுக் கொடுப்பவரும் பெயர் போட்டுக்கொள்வது அன்றைய வியாபார வழக்கம். ஆக, எலிங்டன் தன் பெயரை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொண்டுதான் தொழிலுக்குள்ளேயே வந்தார். அதே வழக்கத்தைப் பிறகு அவரும் கையில் எடுத்துக்கொண்டார்.

*

'மூட் இண்டிகோ', 1930. நியூ ஆர்லியன்ஸ் வழக்கப்படி மூன்று ஊதுவாத்தியங்கள் சேர்ந்தால் க்ளாரினெட் உச்சியில் பறக்கும், ட்ரம்பெட் நடுவில் மெட்டைப் பிடிக்கும், ட்ராம்போன் கீழே தாங்கும். எலிங்டன் அதைக் குடைசாய்த்தார். மூடிய ட்ரம்பெட் மேலே. ட்ராம்போனையும் மூடி, அதன் சௌகரியமான இடத்தைவிட உயரத்துக்கு ஏற்றி, ட்ரம்பெட்டுக்குப் பக்கத்தில் ஒட்ட வைத்தார். க்ளாரினெட்டை அதன் அடிவயிற்றுக்கு இறக்கிவிட்டார். மூன்றும் மெதுவாக நகரும்போது எது எந்த வாத்தியம் என்று காதுக்குத் தெரியாது. நான்காவதாக ஒரு வாத்தியம் வாசிப்பதுபோல் இருக்கும். அப்படி ஒரு வாத்தியம் கிடையாது. முதல்முறை கேட்டபோது என் ஹெட்ஃபோனில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

இந்த மெட்டில் தனக்குப் பங்குண்டு என்று க்ளாரினெட் வாசித்த பார்னி பிகார்ட் உரிமை கோரினார். தன் ஆசிரியர் லொரென்ஸோ டியோவிடமிருந்து அதன் ஒரு பகுதி வந்தது என்றும் சொல்லியிருக்கிறார். பிகார்டின் பெயர் சேர்க்கப்பட்டது, ஆனால் பல வருடங்கள் கழித்து. அதுவரை வந்த பணம் போனது போனதுதான்.

'கேரவன்', 1936. மெட்டு ஹுவான் டிஸோல் என்ற புவெர்ட்டோ ரிக்கோ ட்ராம்போன்காரருடையது. 25 டாலருக்கு மில்ஸிடம் கொடுத்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பாட்டு உலகம் சுற்றிய பிறகு போய்க் கேட்டு வாங்கித்தான் பங்கு கிடைத்தது. ஜானி ஹாட்ஜஸ் பற்றி ஒரு கதை உண்டு. ஆல்ட்டோ சாக்ஸஃபோனில் அவர் ஊதினால் தேன் வழியும், முகம் மட்டும் கல்லாக இருக்கும். தான் ஒத்திகையில் விளையாட்டாக ஊதிய ஒரு துணுக்கு பாட்டாகி மேடையில் வரும்போது, எலிங்டனைப் பார்த்து நோட்டு எண்ணுவதுபோல் விரலை ஆட்டுவாராம். லாரன்ஸ் பிரவுன் ஒருபடி மேலே போய், நீ கம்போஸர் இல்லை, தொகுப்பாளர் என்று எலிங்டனிடமே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. இந்தக் கணக்குகளையெல்லாம் டெர்ரி டீச்அவுட் 2013-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு விரிவாக எடுத்து வைக்கிறது.

அதைப் படித்த நாட்களில் எனக்கு எலிங்டன்மேல் கோபமாக வந்தது. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ராத்திரி லாக்குகளைப் படித்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதியிருந்தேன். யாரும் கேட்டு எழுதியதில்லை. தூக்கம் கெடுகிறதே என்று எழுதியது. ஆறு மாதம் கழித்து அது ஒரு 'டூல்' ஆகி, பெயர் வைக்கப்பட்டு, ஒரு பெரிய மீட்டிங்கில் ஸ்லைடாக வந்தது. ஸ்லைடில் என் மேனேஜர் பெயர் இருந்தது. கேட்டபோது, "டீம் எஃபர்ட்தானப்பா, பேர்ல என்ன இருக்கு?" என்றார். பெயரில் ஒன்றும் இல்லையென்றால் அவர் பெயரை ஏன் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது. எலிங்டனை அந்த மேனேஜரின் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் பல மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

*

அந்த நாற்காலி அவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அதை எனக்குக் காட்டியது அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பற்றிப் படித்த ஒரு விஷயம். 1988-ல் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகம் எலிங்டனின் காகிதங்களை வாங்கியது. அதற்குப் பிறகுதான் ஆய்வாளர்கள் அவர் எப்படி எழுதினார் என்பதை நேரில் பார்க்க முடிந்தது. ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுபவர்கள் பொதுவாக 'முதல் ட்ரம்பெட்', 'இரண்டாம் ட்ராம்போன்' என்று குறிப்பார்கள். எலிங்டன் 'கூட்டி', 'ட்ரிக்கி' என்று ஆளின் பெயரை எழுதினார்.

எங்கள் தொழிலில் இதை ஹார்ட்கோட் செய்வது என்பார்கள், ரிவ்யூவில் திட்டு விழும். ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் வந்து அதே வேலையைச் செய்யும்படி எழுது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். எலிங்டன் அதற்கு நேர் எதிராகப் போனார். ட்ரிக்கி சாம் நான்ட்டனின் ட்ராம்போனில் 'யா, யா' என்று ஒரு மனிதக் குரல் வருமென்றால், அந்தக் குரல் வந்தால் மட்டுமே அர்த்தம் கொள்ளும் இடத்தை எழுதுவார். நான்ட்டன் போய்விட்டால் அந்த இடம் ஊனமாகிவிடும். அது தெரிந்தே எழுதுவார்.

1940 மார்ச் 15 அன்று பதிவான 'கான்செர்ட்டோ ஃபார் கூட்டி' இதற்கு நல்ல உதாரணம். கூட்டி வில்லியம்ஸ் மைலிக்குப் பதிலாக வந்தவர். உறுமலை மைலியின் வழியில் கற்றுக்கொண்டு தன்னுடையதாக ஆக்கிக்கொண்டவர். பாட்டின் தலைப்பிலேயே அவர் பெயர். தொடக்கத்தில் ட்ரம்பெட்டை இறுக்கமாக மூடி, யாரோ காதோரம் சொல்வதுபோல் ஒரு சின்னச் சொற்றொடரைச் சொல்கிறார். குழு பின்னாலிருந்து பதில் சொல்கிறது. அடுத்து உறுமல். நடுவில் திடீரென்று மூடியை எடுத்துவிட்டு முழுக் குரலில் ஊதுகிறார். பூட்டிய அறையிலிருந்து ஒரு ஆள் வெயிலுக்கு வந்து நிற்பதுபோல் இருக்கும். மூன்றரை நிமிடத்துக்குள் ஒரே மனிதனின் மூன்று குரல்கள். கூட்டி வாசித்துவிட்டுப் போன துணுக்குகளைப் பொறுக்கியெடுத்து ஒட்டினால் இது கிடைக்காது. எந்தக் குரல் எப்போது வர வேண்டும், அது வரும்போது சாக்ஸஃபோன்கள் எங்கே விலகி நிற்க வேண்டும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார்.

அதே மாதம் பதிவான 'கோ-கோ'வும் அப்படித்தான். எளிமையான 12 பார் ப்ளூஸ், திரும்பத் திரும்ப அதே சுழற்சி. ஒவ்வொரு சுற்றிலும் ஊதுவாத்தியங்கள் ஒரு படி நெருங்கி வந்து சுவரை உயர்த்துகின்றன. டிஸோல் தொடங்குகிறார், நான்ட்டன் உறுமுகிறார், பின் எலிங்டன் பியானோவில் வருகிறார். அவருடைய பியானோ எப்படிப்பட்டது என்பதை இங்கே பார்க்கலாம். ஆர்ட் டேட்டம் மாதிரி விரல் வித்தை கிடையாது. குழு ஒரு தாளத்தில் ஓடிக்கொண்டிருக்க, பொருந்தாத ஸ்வரங்களைக் கைப்பிடி மணல்போல் அதன் மேல் வீசுகிறார். ஓடுபவர்களுக்கு எரிச்சலும் ஏற்படும், வேகமும் பிறக்கும். ஜிம்மி பிளான்ட்டனின் பாஸ் இரண்டு மூன்று இடங்களில் தனியாக வெளியே தெரிகிறது. அந்த இடங்களில் மொத்தக் குழுவும் வாயை மூடிக்கொள்கிறது. பிளான்ட்டன் இரண்டு வருடத்தில், 23 வயதில் இறந்துவிட்டார். அவருக்காகக் குழு அமைதியான அந்தச் சில நொடிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இந்தப் பதிவுகளைக் கேட்ட பிறகு 'திருடர்' என்ற தீர்ப்பு எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. ஹாட்ஜஸ் 1951-ல் குழுவைவிட்டு வெளியேறித் தனிக்குழு நடத்தினார், 1955-ல் திரும்பி வந்தார். அந்த இடைக்காலப் பதிவுகளில் அவருடைய தேன் அப்படியே இருக்கிறது, ஒரு துளி குறையவில்லை. சுற்றி இருக்கும் அறைதான் வேறு. மெட்டு ஹாட்ஜஸுடையதாக இருக்கலாம். அந்த மெட்டு நிற்கும் இடத்தைக் கட்டியது எலிங்டன்.

*

இத்தோடு நிறுத்திக்கொண்டால் எலிங்டனுக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும். அவரைப் பாராட்டுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: எலிங்டன் வாசிப்பது பியானோவாக இருந்தாலும் அவருடைய உண்மையான வாத்தியம் அவருடைய குழுதான் என்று. அழகான வாசகம். அதை 1952-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எழுதியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். எலிங்டனைப் புகழப் பயன்படும் வாசகமும் ஸ்ட்ரேஹார்ன் கொடுத்ததுதான்.

ஆனால் அதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வாத்தியத்துக்கு ராயல்டி தர வேண்டியதில்லை. பியானோ போய் 'என் பங்கு எங்கே' என்று கேட்காது. ஹாட்ஜஸ் கேட்பார், பிகார்ட் கேட்பார், டிஸோலுக்கு வாடகை கட்ட வேண்டும். மனிதர்களை வாத்தியம் என்று சொல்வது இசையை விளக்கும்போது சரியாக இருக்கலாம். கணக்குப் புத்தகத்துக்குள் அது நுழையும்போது அநியாயமாகிறது. எலிங்டன் இரண்டுக்கும் நடுவில் கோடு போடவில்லை. தன் காகிதத்தில் அவர்களின் பெயரை எழுதிய அதே கை, வெளியே போகும் லேபிளில் அந்தப் பெயர்களை எழுதவில்லை. நான் அவரிடம் கண்ட மேதைமையும் குற்றமும் ஒரே பழக்கத்திலிருந்து வந்தவை. ஒவ்வொருவரையும் அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டார். கேட்டது எல்லாம் தன்னுடையது என்றும் நினைத்துக்கொண்டார்.

அந்தப் பணம் எங்கே போனது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிக் பேண்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பதினைந்து, பதினாறு பேருக்கு வாராவாரம் சம்பளம் போட்டு ஊர் ஊராகக் கூட்டிப்போவது கட்டுப்படியாகவில்லை. கவுன்ட் பேஸிகூடக் கொஞ்ச காலம் குழுவைக் கலைத்துவிட்டுச் சின்னக் குழுவோடு ஓட்டினார். எலிங்டன் கலைக்கவில்லை. பாட்டுகளிலிருந்து வந்த ராயல்டியைக் கொட்டிக் குழுவை ஓட்டினார். எழுதியதை உடனே காதால் கேட்க வேண்டும் என்பதற்காகவே குழுவை வைத்திருப்பதாகச் சொல்வார். 1956 ஜூலையில் நியூபோர்ட் விழாவில் பால் கொன்ஸால்வஸ் டெனர் சாக்ஸஃபோனில் 27 சுற்று இடைவிடாமல் ஊதிக் கூட்டத்தை எழுந்து ஆடவைத்தபோது, எலிங்டன் மறுபடி பத்திரிகை அட்டைக்கு வந்தார். அதுவரை குழுவைக் காப்பாற்றியது அந்த ராயல்டிதான். டிஸோலின் மெட்டிலும் பிகார்டின் மெட்டிலும் வந்த பணத்தில் கொன்ஸால்வஸுக்குச் சம்பளம் போயிருக்கிறது. நியாயமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரிகிறது: நியாயமில்லை. அப்படி நடக்காமல் இருந்திருக்கலாமா என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வரவில்லை.

பாதிக்கப்பட்டவர்களும் தேவதைகளாக இருக்கவில்லை. கூட்டி வில்லியம்ஸ் 1940-ல் எலிங்டனைவிட்டுப் போய்ப் பிறகு சொந்தக் குழு தொடங்கினார். 1944-ல் அந்தக் குழு, இன்னும் பெரிதாக யாருக்கும் தெரியாத தெலோனியஸ் மங்க்கின் 'ரவுண்ட் மிட்நைட்'டை முதன்முதலில் பதிவு செய்தது. அந்தப் பாட்டின் ஆசிரியர்கள் பட்டியலில் இன்றைக்கும் மங்க்குக்குப் பக்கத்தில் கூட்டியின் பெயரும் இருக்கிறது.

இதைப் படித்தபோது சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்தது. நான் டீம் லீட் ஆன முதல் வருடம், எங்கள் ராத்திரி பேட்ச் ஜாப் நான்கு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்ததை ஒரு ஜூனியர் பையன் நாற்பது நிமிடத்துக்குக் கொண்டுவந்தான். க்ளையன்ட் காலில் நான்தான் பேசினேன். "நாங்கள் செய்தோம்" என்றேன். க்ளையன்ட் எனக்கு நன்றி சொல்லி மெயில் போட்டார், என் பெயர் மட்டும் போட்டு. நான் திருத்திப் பதில் எழுதவில்லை. பிறகு அவனிடம் வருத்தம் சொன்னபோது, "பரவால்லண்ணா, வேலை முடிஞ்சிருச்சுல்ல" என்றான். நான் என் மேனேஜரிடம் கேட்காமல் விட்ட கேள்வியை அவனும் கேட்கவில்லை.

*

திரும்ப ஸ்ட்ரேஹார்னிடம் வருகிறேன். மற்றவர்களின் கணக்கு எட்டு பார், பதினாறு பார் என்று முடிந்துவிடும். ஸ்ட்ரேஹார்னின் கணக்கு கிட்டத்தட்ட முப்பது வருடம். அவருக்கும் எலிங்டனுக்கும் நடுவில் ஒழுங்கான ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. வீட்டு வாடகை, துணிமணி, சாப்பாடு என்று செலவுகளை எலிங்டன் பார்த்துக்கொண்டார். டேவிட் ஹைடூ 1996-ல் எழுதிய 'லஷ் லைஃப்' என்ற வாழ்க்கை வரலாறு இந்த உறவை நெருக்கமாகப் பார்க்கிறது. ஸ்ட்ரேஹார்ன் தன்பாலீர்ப்பு கொண்டவர், அந்தக் காலத்திலும் அதை ஒளிக்காமல் வாழ்ந்தவர். தன் பெயரில் குழு நடத்தி, பத்திரிகைக்கு முகம் காட்ட வேண்டிய நிலை இருந்திருந்தால் 1940-களின் அமெரிக்காவில் ஒரு கறுப்பு மனிதருக்கு அது முடிந்திருக்காது. எலிங்டனின் நிழல் அவரை மறைத்தது, அந்த நிழலில்தான் அவர் தன் விருப்பப்படி வாழவும் செய்தார். யாருக்கும் இப்படி ஒரு பேரம் வாய்க்கக்கூடாது.

1963-ல் அமெரிக்க அரசு எலிங்டன் குழுவை மேற்கு ஆசியாவுக்கும் தெற்கு ஆசியாவுக்கும் அனுப்பியது. பனிப்போர் காலம், அமெரிக்காவின் நல்ல முகமாக ஒரு கறுப்பு இசைக்குழு. அந்தப் பயணம் தொடங்கிய செப்டம்பரில்தான் பர்மிங்ஹாமில் கறுப்பர்களின் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். குழு இந்தியாவில் டெல்லி, பம்பாய், கல்கத்தாவோடு நம் மெட்ராஸிலும் வாசித்தது, இலங்கைக்கும் போனது. ஸ்ட்ரேஹார்னும் கூடவே வந்தார். நவம்பரில் துருக்கியில் இருந்தபோது கென்னடி சுடப்பட்ட செய்தி வந்து பயணம் பாதியில் நின்றது.

அந்தப் பயணத்தின் நினைவாக வந்த ஆல்பம் 'ஃபார் ஈஸ்ட் சூட்'. 1966 டிசம்பரில் பதிவானது. அதில் எல்லாரும் காதலிக்கும் பாட்டு 'இஸ்ஃபஹான்'. ஹாட்ஜஸின் ஆல்ட்டோ ஈரான் நகரம் ஒன்றின் மாலை வெயிலில் தோய்ந்து வருவதாக எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். உண்மையில் அந்தப் பாட்டு பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே, 1963 கோடையில் 'எல்ஃப்' என்ற பெயரில் ஒருமுறை பதிவாகிவிட்டது. எழுதியவர் ஸ்ட்ரேஹார்ன். லேபிளில் இருவர் பெயரும் இருக்கும், ஊர் பெயர் பின்னால் வந்தது. இது தெரிந்த பிறகு பாட்டைத் திரும்பக் கேட்டேன். அழகு குறையவில்லை. ஈரானை மட்டும் கழற்றி வைத்தேன். அந்த இடத்தில், மெட்டு கீழே இறங்கும்போதெல்லாம் எங்கே நிற்கப்போகிறது என்று கடைசிவரை சொல்லாமல் தள்ளிப்போடும் ஒரு மனிதரின் குரல் கேட்டது. எழுதியவர் யார் என்று தெரிந்து கேட்பது எனக்கு இப்படித்தான் உதவியது. முன்பு படம் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஆளைக் கேட்கிறேன்.

எலிங்டனுக்கும் இப்படி ஒரு மறுப்பு கிடைத்தது. 1965-ல் புலிட்சர் நடுவர்கள் அவருடைய வாழ்நாள் பணிக்குச் சிறப்பு விருது பரிந்துரைத்தார்கள். வாரியம் மறுத்துவிட்டது. நடுவர்களில் இருவர் ராஜினாமா செய்தார்கள். 66 வயதில், இவ்வளவு சின்ன வயதில் நான் அதிகப் புகழ் பெறுவதை விதி விரும்பவில்லை போலிருக்கிறது என்கிற தொனியில் எலிங்டன் சிரித்துக் கடந்தார். பெயர் கிடைக்காமல் போவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அந்த விருது அவர் இறந்து 25 வருடம் கழித்து, 1999-ல் வந்தது.

ஸ்ட்ரேஹார்ன் 1967 மே 31 அன்று புற்றுநோயில் இறந்தார். அதே வருடம் எலிங்டன் குழு அவருடைய பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் பதிவு செய்தது. தலைப்பு: 'அவன் அம்மா அவனை பில் என்று கூப்பிட்டாள்' என்று தமிழில் சொல்லலாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவர் எழுதிய 'பிளட் கவுன்ட்'டை ஹாட்ஜஸ் வாசிக்கிறார். அந்தக் கல் முகத்துக்காரர் இதற்குமேல் எந்தப் பதிவிலும் இப்படி உடைந்து வாசித்து நான் கேட்டதில்லை.

ஆல்பத்தில் 'லோட்டஸ் பிளாஸம்' என்று ஒரு பாட்டு. பதிவு முடிந்து எல்லாரும் கிளம்பும் நேரம். வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கும் சத்தம், பேச்சுக்குரல் எல்லாம் கேட்கிறது. எலிங்டன் மட்டும் பியானோவைவிட்டு எழவில்லை. தனியாக வாசிக்கத் தொடங்குகிறார். குழு இல்லை, கூட்டி இல்லை, சாக்ஸஃபோன்கள் இல்லை. அரை நூற்றாண்டாக மற்றவர்களின் குரலில் பேசிவந்தவர், ஸ்ட்ரேஹார்னின் மெட்டைத் தன் இரண்டு கையால் மட்டும் வாசிக்கிறார். மெட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கும்போது பேச்சுச் சத்தம் மெல்ல அடங்குகிறது.

இது மன்னிப்பா, பிரிவா, வெறும் பழக்கமா என்று எனக்குத் தெரியாது. ஒரு பாட்டை வைத்து முப்பது வருடக் கணக்கை யாரும் தீர்த்துவிட முடியாது. ஆனால் இந்தப் பாட்டை எழுதியவர் யார் என்பதில் வாசிப்பவருக்குச் சந்தேகமே இல்லை என்பது ஒவ்வொரு பாரிலும் கேட்கிறது.

போன மாதம் அந்தப் பையனுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. பரிந்துரைக் கடிதம் கேட்டான். பேட்ச் ஜாப் பற்றி எழுதும்போது 'நாங்கள்' என்று விரல் தானாகத் தட்டச்சு செய்தது. அழித்துவிட்டு அவன் பெயரை எழுதினேன். நான்கு வருடம் தாமதம்தான். பழைய க்ளையன்ட்டுக்கும் ஒரு மெயில் போட வேண்டும், இன்னும் போடவில்லை.